ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளை



ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பாடசாலை திறந்ததும் நம் செங்கம் சாலையின் தோற்றமே மாறிவிடுவதைப் பார்க்கிறீர்கள். விடுமுறைக் காலம் முழுவதும் கிரிவலம் வருகிறவர்களும் ஆட்டோக்களுமாய் இருந்த ரமணாசிரமப் பகுதி, காலை வேளையில் சீருடை அணிந்த பிள்ளைகளால் நிறைந்துபோகிறது. அண்ணன் கையைத் தங்கை பிடித்திருப்பாள். புதுப் பையின் வார் தோளில் நில்லாமல் நழுவிக்கொண்டே இருக்கும். முதல் வகுப்பில் சேருகிற குழந்தை தாயின் முந்தானையை விடாமல் அழும். அதை உள்ளே விட்டு வந்த தாயும் வெளிவாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளுவாள். இந்த அழுகையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பத்து நாளில் தீர்ந்துபோகும்.

இன்னொரு விதமான வீடும் உண்டு. பாடசாலை திறந்த அன்று அந்த வீட்டுப் பிள்ளை வழக்கம்போல ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும். அல்லது கடையில் டீக் குவளை கழுவப் போகும். அங்கே அழுகைச் சத்தம் கேட்காது. அப்படிப் பள்ளியை விட்டு நின்றுபோன ஒரு பிள்ளையின் சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

பள்ளியை விட்டு வந்த பிள்ளை என்றதும் இந்தப் பக்கத்தில் குடியிருக்கிற உங்களுக்கு ஒருவர் நினைவு வரலாம். 1879-ஆம் ஆண்டு திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவர், 1892-ல் தகப்பனாரை இழந்து, மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டில் தங்கிப் படித்தார். 1896-ல் தம் அண்ணனுடைய படிப்புக்குச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை வைத்துவிட்டு, இந்த மலையைத் தேடி வந்து சேர்ந்தார். ரமண மகரிஷி என்று பிற்பாடு உலகம் அறிந்தவர் அவரே. அவர் வந்த வழி வேறு, அதை இங்கே நாம் பேசவில்லை. திருச்சுழி இருக்கிற அதே விருதுநகர்ச் சீமையில், அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, தகப்பனில்லாத இன்னொரு பையன் பள்ளியை விட்டான். அவன் மலை தேடிப் போகவில்லை. மாமாவின் ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போனான். அவனே காமராஜர்.

விருதுநகர் என்று இன்று சொல்லுகிற ஊருக்கு அந்நாளில் விருதுபட்டி என்று பெயர். அங்கே 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் தலைமகனாய்ப் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள்; தாயார் ராஜா என்று கூப்பிட்டார்; இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று. நாகம்மாள் என்று ஒரு தங்கை. பிள்ளைக்கு ஆறு வயது இருக்கையில் தகப்பனார் காலமானார். சிவகாமி அம்மாள் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தை வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவைத்து, அதன் வட்டியைக் கொண்டு இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். மாதா மாதம் வருகிற வட்டிக் காசில் அடுப்பெரிந்த வீடு எப்படியிருக்கும் என்று விதவைத் தாய்மாருக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்திலும், பிறகு க்ஷத்திரிய வித்தியாசாலையிலும் அவர் படித்தார். இந்த வித்தியாசாலையைப் பற்றிக் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். அது விருதுபட்டி நாடார் உறவின்முறையார் தங்கள் சொந்த முயற்சியால் நடத்திய பள்ளி. பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை. அப்படியானால் உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு வீட்டிலும் உலைக்கு அரிசி அளந்து போடும்போது, ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். குறித்த நாளில் ஆள் வந்து வீடு வீடாய் வாங்கிச் செல்வார். சேர்ந்த அரிசியை விற்றுப் பள்ளி நடந்தது. பிடியரிசி என்பது கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் புதிய சொல்லல்ல. கோயில் வேலைக்கும் ஏழைகளுக்கும் பிடியரிசி சேர்த்த வழக்கம் நம் பங்குகள் பலவற்றில் இருந்தது. பாட்டிமாரைக் கேட்டால் சொல்லுவார்கள். பசித்த வீடுகளும் போட்ட அரிசி அது. ஊர்ப் பெண்களின் கையால் நடந்த பள்ளியில் படித்த பிள்ளை காமராஜர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பள்ளி இனாம், பக்கத்திலேயே இருந்தது, தாயாருக்கும் படிக்கவைக்க ஆசை. இவ்வளவும் இருந்தும் 1914-ஆம் ஆண்டு வாக்கில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. காரணம் எளியது. சம்பளம் கேட்காத பள்ளிகூட, படிக்கிற பிள்ளையின் வீட்டுக்குச் சோறு போடாது. பையன் கடைக்குப் போனால் ஒரு வாய் குறையும், நாலு காசு வரும். நாற்பது ஆண்டு கழித்து அவர் செய்த காரியங்களுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது என்பது எமது எண்ணம். கல்வியைப் பற்றிய அறிக்கைகளை எழுதிய பெரியவர்கள் அநேகர் பட்டம் பெற்றவர்கள். பள்ளியின் உட்புறத்தை நன்கு அறிந்தவர்கள். இவரோ பள்ளியை வெளியிலிருந்து பார்த்தவர். தன் வயதுப் பிள்ளைகள் பலகையோடு தெருவில் போகிறபோது, கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்.

அடுத்த நாற்பது ஆண்டுகளைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். அவை தேச சரித்திரப் புத்தகங்களில் உள்ளவை. மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையிலே பத்திரிகை படித்தும், கடைத்தெருவில் நடக்கும் பொதுக்கூட்டங்களைக் கேட்டும் அரசியலில் ஈடுபட்டார். மனதைத் திருப்பலாம் என்று உறவினர் அவரைத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள், திரும்பவில்லை. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை. அதிலிருந்து 1945 வரையில் பல தடவையாய் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. விட்ட படிப்பை அங்கேதான் தொடர்ந்தார். ஆங்கிலப் புத்தகங்களையும் வாசிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். தீரர் சத்தியமூர்த்தி அவருக்கு ஆசானாய் வாய்த்தார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானார். விவாகம் செய்துகொள்ளவில்லை.

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி சென்னை ராஜ்ஜியத்தின் முதன்மந்திரியானார். அப்போது அவர் சட்டசபை அங்கத்தினர் அல்ல. ஆகவே இடைத்தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது. அவர் தேர்ந்துகொண்ட தொகுதி குடியாத்தம். அந்நாளில் குடியாத்தமும் திருவண்ணாமலையும் வட ஆற்காடு என்ற ஒரே ஜில்லா. நமக்குத் தனி மாவட்டம் வந்தது 1989-ல்தான். ஆக, அவரை முதன்மந்திரி நாற்காலியில் உறுதியாய் அமர்த்திய வாக்குகள் நம் ஜில்லாவில் விழுந்தவை.

அவர் வந்த நேரத்தில் பள்ளிகளைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகள் அரைநாள் படித்தால் போதும். மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். உள்ள கட்டடமும் உள்ள ஆசிரியர்களும் இரண்டு முறையாய் இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் பயன்படுவார்கள் என்பது அவருடைய கணக்கு. பணமில்லாத அரசாங்கத்துக்கு அது கவர்ச்சியான கணக்குத்தான். ஆனால் துணி வெளுக்கிறவர் மகன் துணி வெளுக்கவும், தோல் பதனிடுகிறவர் மகன் தோல் பதனிடவும் அரசாங்கமே வழி காட்டுவதா என்று ஜனங்கள் கொதித்தார்கள். காமராஜர் பதவியேற்ற அடுத்த மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கைவிடுவது சுலபம். பிறகு என்ன? 1951-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். கல்வி இலாகாவும் நிதியும் சி. சுப்பிரமணியம் கையில் இருந்தன. கல்வி இயக்குநராய் நெ. து. சுந்தரவடிவேலு நியமிக்கப்பட்டார். இந்த மூவரின் கூட்டைப் பற்றி எழுதும்போது, புகழை எல்லாம் ஒருவர் தலையிலேயே கொட்டிவிடுகிறோம், அது நியாயமல்ல. இயக்குநர் ஊர் ஊராய் அலைந்தார். மந்திரி பணத்துக்கு வழி கண்டார். முதன்மந்திரி இருவருக்கும் பின்னால் நின்றார். 500 பேர் உள்ள ஊருக்கு ஒரு பள்ளி, பிறகு 300 பேர் உள்ள ஊருக்கும் ஒரு பள்ளி, எந்தக் குழந்தையும் ஒரு மைலுக்கு மேல் நடக்கக் கூடாது என்று விதி வகுத்தார்கள். வேலையில்லாதிருந்த படித்த வாலிபர்கள் ஓராசிரியர் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1955-ல் ஆசிரியர்களுக்குச் சேமநிதி, ஆயுள் இன்ஷ்யூரன்ஸ், ஓய்வூதியம் என்ற மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. மானியம் பெறும் பள்ளிகளின் உபாத்தியாயர்களுக்கும் இதில் பங்கு கிடைத்தது. அதுவரையில் ஓய்வுபெற்ற உபாத்தியாயர் என்றால் பிள்ளைகள் தயவில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் என்றே பொருள்.

பள்ளி வந்தது, பிள்ளை வந்ததா? ஊருக்கு ஊர் ஒரு கதை சொல்லுகிறார்கள். முதன்மந்திரியின் கார் எங்கேயோ நிற்கிறது. அங்கே மாடு மேய்க்கிற பையனை அவர் விசாரிக்கிறார். பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவார்கள் என்று பையன் திருப்பிக் கேட்கிறான். இந்தக் கதை தங்கள் ஊரில்தான் நடந்தது என்று பல ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். எந்த ஊரில் நடந்திருந்தால் என்ன? அந்தக் கேள்வியைக் கேட்க மாடு மேய்க்கிற பையன் வேண்டியதே இல்லை. கேள்வி 1914 முதல் காமராஜருக்குள்ளேயே இருந்தது.

பள்ளியில் சோறு போடுவது முற்றிலும் புதிய யோசனை அல்ல. 1920-லேயே சென்னை நகரசபைத் தலைவர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதை நடத்திக் காட்டினார். ஆனால் பட்டணத்தில் சில பள்ளிகளுக்குச் செய்வது ஒன்று, ராஜ்ஜியம் முழுவதும் செய்வது மற்றொன்று. பணம் எங்கே என்று கேட்டார்கள். வாத்தியார் பாடம் சொல்லுவாரா, சட்டி கழுவுவாரா என்று கேட்டார்கள். இலவசச் சோறு போட்டால் ஜனங்கள் சோம்பேறிகளாவார்கள் என்றும் சொன்னார்கள். இந்தக் கடைசிப் பேச்சு எக்காலத்திலும் வயிறு நிறைந்தவர்கள் வாயிலிருந்தே வருகிறது.

1956-ல் எட்டயபுரத்தில், பாரதியார் பிறந்த ஊரில், காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். முதலில் அரசாங்கப் பணம் இல்லை. ஊரார் கொடுத்தார்கள். அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து நெல், தோட்டக்காரர் காய்கறி, கடைக்காரர் பருப்பும் புளியும், ஏழை வீட்டார் விறகு. விருதுபட்டிப் பிடியரிசி வேறு உருவத்தில் திரும்பி வந்ததைக் காண்கிறீர்கள் அல்லவா? 1957 முதல் அரசாங்கம் துணை நின்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுக்குப் பத்துப் பைசா என்று கணக்கிட்டு, ஆறு பைசா அரசாங்கம் தந்தது. நான்கு பைசா ஊர் தர வேண்டும். முழுவதையும் அரசாங்கமே தந்திருந்தால் ஜனங்கள் அதைச் சர்க்கார் காரியம் என்று தள்ளிவைத்திருப்பார்கள். ஊர் தரவேண்டிய அந்த நாலு பைசாதான் பள்ளியை ஊருடையதாக்கிற்று என்பது எமது அபிப்பிராயம். ஆனால் கொடுக்க வழியில்லாத ஊர்களில் அதுவே இடையூறாகவும் இருந்தது. 1961 முதல் அமெரிக்க கேர் ஸ்தாபனத்தின் பால் பவுடர், சோள மாவு, எண்ணெய் முதலியன வந்தன. அறுபது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்தப் பாலின் மணம் இன்னும் மறந்திராது.

சோற்றுக்கு அடுத்தபடியாகப் பிள்ளையை வாசலில் நிறுத்தியது துணி. கிழிந்த சட்டைக்காரன் நல்ல சட்டைக்காரன் பக்கத்தில் உட்காரக் கூசினான். 1958-ல் செங்கற்பட்டு ஜில்லாக் கடம்பத்தூரில் தொடங்கி, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்னென்ன குறை என்று பட்டியல் எழுதி ஊராரிடமே வாசித்துக் காட்டுவார்கள். ஒருவர் கரும்பலகை தருவார், ஒருவர் தண்ணீர்ப் பானை, ஒருவர் கடிகாரம், வசதியுள்ளவர் ஓர் அறையே கட்டித் தருவார். சீருடைகளும் முதலில் இப்படித்தான் சேர்ந்தன. இன்று உங்கள் பிள்ளைக்கு நீங்கள் இஸ்திரி போட்டுத் தருகிற சீருடை ஒழுங்குக்காக மட்டும் ஏற்பட்டதென்று எண்ணாதீர்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று சட்டையைப் பார்த்துத் தெரியக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

நம் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். மழையை நம்பிய மல்லாட்டைக் கொல்லைகள். ஏரி நிரம்பினால் நெல், இல்லாவிட்டால் கூலி. மலையடிவாரத்தில் புல்லும் சுள்ளியும் சேர்த்து விற்றுப் பிழைத்த குடும்பங்கள். இப்படிப்பட்ட இடத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு விலை இருந்தது. மல்லாட்டை பறிக்கிற நாட்களில் வகுப்பு பாதி காலியாகும் என்பதை நம் மாவட்டத்து உபாத்தியாயர்கள் நன்கு அறிவார்கள். அந்த விலைக்கு எதிராக ஒரு தட்டுச் சோற்றை வைத்தவர் காமராஜர். எல்லாப் பிள்ளையும் வந்துவிடவில்லை. வந்தவர்களில் பலர் ஐந்தாம் வகுப்போடு நின்றார்கள். பெண்பிள்ளைகள் அதிகம் நின்றார்கள். ஒரே உபாத்தியாயர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்த பள்ளிகளில் எவ்வளவு கற்றார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். எனினும், குடும்பத்தில் முதன்முதல் கையெழுத்துப் போட்டவர் யார் என்று நம் பங்கில் விசாரித்தால், எத்தனை வீடுகளில் அந்த ஆண்டுகளில் முதல் வகுப்பில் சேர்ந்தவராய் இருக்கக் காண்பீர்கள்!

1963-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, கட்சிப் பணிக்காகத் தாமாகவே முதன்மந்திரிப் பதவியை விட்டார். 1964-ல் அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். லால் பகதூர் சாஸ்திரியும் அவருக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமரானதில் அவர் கை இருந்தது. 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் ஒரு மாணவர் தலைவர். பள்ளிகளைத் திறந்துவிட்டவர், படித்த இளைஞர் கூட்டத்தின் முன் தோற்றார் என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1969-ல் நாகர்கோவில் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சென்னையில் காலமானார். வாடகை வீட்டில் இருந்த அவருடைய உடைமைகளைப் பார்த்தபோது, சில வேட்டி சட்டைகளும் புத்தகங்களும் நூறு ரூபாய்க்குச் சற்று அதிகமான பணமும் இருந்தன. அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

அடுப்பு அவரோடு அணையவில்லை. 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பிற்பாடு முட்டை சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில், மு. க. ஸ்டாலின் முதலமைச்சராய் இருக்கையில், ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவு மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் பரவிற்று. நமக்கு நெருங்கிய செய்தி அதற்கடுத்தது. 2024-ல், காமராஜர் பிறந்த ஜூலை 15-ந் தேதியன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் ஆரம்பப் பள்ளியில், கிராமப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் இந்தக் காலை உணவு திறந்துவைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை மயிலாப்பூரிலுள்ள புனித சூசையப்பர் ஆரம்பப் பள்ளியில் தொடங்கி, நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆகவே, உதவி பெறும் பள்ளியில் சேர்த்தால் பிள்ளைக்குச் சோறு கிடைக்காதே என்று தயங்கி நின்ற ஏழைத் தாய் உங்கள் தெருவில் இருந்தால், இந்தச் செய்தியை அவளிடம் சொல்லுங்கள். காலை உணவு மணி அடிக்கும் முன்னே பரிமாறப்படுகிறது. பிள்ளையைச் சற்று முன்னதாகவே அனுப்ப வேண்டும்.

2006 முதல் ஜூலை 15-ந் தேதி கல்வி வளர்ச்சி நாளாய் எல்லாப் பள்ளிகளிலும் கொண்டாடப்படுகிறது. ஜூனில் அழுதுகொண்டு சேர்ந்த உங்கள் குழந்தைக்கு அதற்குள் அழுகை நின்றிருக்கும்; அ, ஆ எழுதப் பழகியிருக்கும். அன்று வெள்ளைக் கதர்ச்சட்டை போட்ட கறுத்த பெரியவர் ஒருவரின் படத்தைப் பள்ளியில் பார்த்துவிட்டு வந்து, அவர் யார், எத்தனாம் வகுப்பு வரை படித்தவர் என்று உங்களைக் கேட்கும்.